பின்னாலிருந்து படித்த கையேடு

எழுத்துப் பிழை திருத்துவது, எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிற வேலை. அச்சகத்திலோ பத்திரிகை அலுவலகத்திலோ தட்டச்சு நிலையத்திலோ உட்கார்ந்து, அடுத்தவர் விட்ட ஓர் எழுத்தைத் தேடிக் கண் எரிந்தவர்களுக்கு இது தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். பிழை தென்பட்டால் மனதோடு வைத்துக்கொள்ளவும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். திருத்தணி சன்னதித் தெருவில், காவடி சாமான் விற்கும் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. நான்கு கம்ப்யூட்டர்கள், மூன்று பேர். சென்னை நிறுவனம் ஒன்று, ஓரிடத்தில் இருக்கும் ஃபைல்களைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக்கொள்வதற்கான மென்பொருளைத் தயாரித்து விற்றது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் என்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் அறுநூறு பக்கக் கையேடு. எஞ்சினியர்கள் ஆளுக்கொரு அத்தியாயமாக அவசரத்தில் எழுதியது. அதிலிருந்த சின்னச் சின்ன எழுத்துப் பிழைகளைத் திருத்துவது எங்கள் வேலை. இதற்கு எதற்குத் திருத்தணி என்று கேட்கலாம். முதலாளி கிருத்திகை தவறாமல் மலைக்கு வருபவர். வருகிற ஊரில் ஒரு கிளை இருக்கட்டும் என்று நினைத்தார். நான் பார்த்தவரை மலைக்குத் தவறாமல் போனார். எங்கள் மாடிக்கு ஒருநாளும் வரவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. மாதம் நூறு திருத்தங்களாவது சென்னைக்குப் போக வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் நூறுக்குக் கீழே இறங்கினால் அறையைப் பூட்டி, வேலையைச் சென்னைக்கே எடுத்துக்கொள்வார்கள். எனக்குச் சென்னை போவதில் சிரமம் இல்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட பாஷாவுக்கு அரக்கோணத்தில் அண்ணன்மாரின் மோட்டார் பட்டறை இருந்தது. கஸ்தூரிக்குத்தான் வேறு போக்கில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பிறந்த வீடும் புகுந்த வீடும் அதே ஊர். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்பது வேலைக்கு அனுப்பும்போது மாமியார் போட்ட விதி. அந்த விதிக்குள் அடங்குகிற வேலை சுற்றுவட்டாரத்தில் அந்த ஓர் அறையில்தான் இருந்தது.

கடைசி வார்த்தையிலிருந்து

அதற்கு முன் நான் அரக்கோணத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் கடைசி வார்த்தையில் தொடங்கி, ஒவ்வொரு வார்த்தையாக மேலே போய், முதல் வார்த்தையில் முடிக்க வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். முன்னாலிருந்து படித்தால் அர்த்தம் புரிந்துவிடும். அர்த்தம் புரிந்தால் கண் ஓட ஆரம்பித்துவிடும். எழுத்து விட்டுப்போனது தெரியாது. பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு வார்த்தையும் தனியாக, அநாதையாக நிற்கும். அதன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இந்த முறையைக் கஸ்தூரிக்கும் சொன்னேன். இரண்டே நாளில் என்னைவிட வேகமாகப் போனாள். கீழே ஒரு சிறு அளவுகோலை வைத்து, வரி வரியாக மேலே தள்ளிக்கொண்டு போவாள். பக்கம் முடிந்ததும் அடியில் பென்சிலால் தன் முதலெழுத்தைப் போடுவாள். பக்கத்தில் நான் என்னுடையதைப் போடுவேன். ஒரு வாரம் கழித்து மத்தியானச் சாப்பாட்டின்போது டப்பாவை மூடிவிட்டு என்னிடம் கேட்டாள்:

“அண்ணா, எம்பது பக்கம் படிச்சிட்டேன். இது இன்னா பத்தின புக்குன்னு எங்க மாமியார் கேட்டுக்கினே இருக்காங்க. இன்னான்னு சொல்லட்டும்?”

மேலே சமையல், கீழே இலை

நானும் பின்னாலிருந்தே படித்தவன். பாஷாவைக் கேட்டோம். அவன் கையேட்டில் ஒரு பக்கம்கூடப் படித்தவனில்லை. ஆனால் மென்பொருளை எங்கள் நான்கு கம்ப்யூட்டர்களிலும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். என் அப்பா மலைக் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவான்.

“சாமி, உங்க அப்பா மேல சமைக்கிறார். கீழ நாலு சத்திரத்துல இலை போட்டுக்கீறாங்க. இலை முன்னாடி இருக்கிறவன், இங்கயே ஆக்கின சோறுன்னு நெனைச்சிக்கினு சாப்பிடறான். ஆனா எல்லாம் ஒரே அடுப்பு. அவ்ளோதான் விஷயம். மேல இருக்கிற அடுப்பு சர்வரு. கீழ இருக்கிற இலை நம்ம கம்ப்யூட்டரு. சத்திரத்து பேரு மட்டும் சத்திரத்துது. சோறு அதுக்குள்ள மேலேருந்து வந்து உக்காந்துக்கும்.”

எனக்குப் புரிந்தது. கஸ்தூரிக்குச் சந்தேகம் தீரவில்லை. முந்தின நாள் நடுப்பகலில் சர்வர் நின்றுபோய், எங்கள் திரைகளில் எல்லாம் ‘பதில் இல்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் வந்து, ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றிருந்தது. மடப்பள்ளியைப் பூட்டிவிட்டால் கீழே இருப்பவன் என்ன செய்வான் என்று கேட்டாள்.

“இலை முன்னாடி உக்காந்துக்கினே இருப்பான்மா. எழுந்து போவ மாட்டான். நம்ம சாஃப்ட்வேருக்கு ரோஷம் கெடையாது.”

இரண்டும் சரி

சென்னையில் எங்களுக்கு மேலே இருந்தவர் வித்யா மேடம். நேரில் பார்த்ததில்லை. தினம் காலை பத்தே காலுக்கு போன் வரும். அவர் எங்களுக்குக் கொடுத்திருந்த விதி ஒன்றுதான்: எழுத்தைத் தொடலாம், பொருளைத் தொடக் கூடாது. பொருள் எஞ்சினியர்களுடையது. முன்பு யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதப்போய், அதை எழுதிய எஞ்சினியர் பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாராம்.

கஸ்தூரிக்கு பஸ்ஸில் வரும்போது கையேட்டின் ஒன்றிரண்டு பக்கங்களை முன்னாலிருந்து படித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. சர்வர் பதில் தராவிட்டால் முப்பது விநாடி காத்திருக்கும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. எழுபது பக்கம் தள்ளி, அறுபது விநாடி என்று இருந்தது. எது சரி என்று போனில் கேட்டாள். மேடம் அமைதியாகப் பதில் சொன்னார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது:

“கஸ்தூரி, ரெண்டு இடத்துலயும் ஸ்பெல்லிங் சரியா இருக்கா? அப்போ ரெண்டும் சரி.”

கண்டக்டர் கொண்டுபோனது

ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் தெருவில் காவடிகளைத் தவிர வேறெதுவும் நகராது. பந்தல் போட்டவர்கள் கம்பம் நடத் தோண்டியதில் டெலிபோன் கேபிள் அறுந்துபோயிற்று. சரி செய்ய மூன்று நாளாகும் என்றார்கள். அன்றே மாதக் கணக்கு அனுப்பியாக வேண்டும். திருத்தங்களை ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினோம். வெளியூர் பஸ்களை ஊருக்குள் விடவில்லை. பாஷா தன் வண்டியில் என்னை உட்காரவைத்து, வயல் வழியாகச் சுற்றி, கனகம்மாசத்திரம் நிறுத்தத்துக்குக் கொண்டுபோனான்.

திருப்பதியிலிருந்து சென்னை போகும் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டரிடம் உறையைக் கொடுத்து, கோயம்பேட்டில் எங்கள் அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்றேன். அவர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். வில்லங்கம் எதுவும் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை வரட்டுமே என்று உள்ளதைச் சொன்னேன்: “தப்புங்க. நூத்திப் பன்னண்டு தப்பு. கண்டுபிடிச்சி அனுப்பறோம்.” அவர் அதை டிக்கெட் பையில் செருகிக்கொண்டு விசில் கொடுத்தார். பஸ் நகரும்போது படியில் நின்றபடி சொன்னார்:

“திருத்தணிலேருந்து அனுப்பற அளவுக்கா தப்புக்குப் பஞ்சம்? எங்க டிப்போல எல்லாம் அங்கங்கயே போட்டுக்குவாங்க.”

பள்ளிப்பட்டில் பெண் பார்த்தது

அந்த ஆவணியில் எனக்குப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டு போனோம். பெண்ணின் பெரியப்பா நிலபுலன் உள்ளவர், நிதானமாகப் பேசுபவர். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கம்ப்யூட்டர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகம் என்றதும் கொஞ்சம் சாய்ந்தார். அதை எழுதியது நானா என்றார். இல்லை, எழுதியவர்கள் செய்த பிழைகளைத் திருத்துகிறேன் என்றேன். எத்தனை புத்தகம் என்றார். ஒன்று என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. ஆனால் அவர் கேட்டதில் தவறில்லை:

“ஆங். அப்போ அந்த ஒரு புக்க திருத்தி முடிச்சிட்டா, அப்புறம் மாப்பிள்ளை இன்னா பண்ணிக்கினு இருப்பாரு?”

கையிருப்பு

முதல் மாதம் ஆயிரத்துக்கு மேல் அனுப்பினோம். அறுநூறு பக்கத்தையும் ஒரு சுற்று முடித்து இரண்டாம் சுற்று போனபோது முந்நூறு. மூன்றாம் சுற்றில் நூற்றைம்பது. ஆடி மாதத்து நூற்றுப் பன்னிரண்டைப் பஸ்ஸில் ஏற்றியபோதே அடுத்த மாதம் நூறு தேறாது என்று கணக்குப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி வரை அறுபத்தெட்டுதான் வந்திருந்தது. அன்று மத்தியானம் கஸ்தூரி தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, என் முன்னால் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் பக்க எண், வரி எண்ணோடு முப்பத்தோரு பிழைகள். முதல் சுற்றிலேயே கண்டுபிடித்தவை. அனுப்பாமல் வைத்திருந்தாள்.

“எல்லாத்தையும் ஒரே வாட்டி அனுப்பிட்டா பின்னாடி இன்னா பண்றதுன்னு வெச்சிருந்தேண்ணா. மேடத்துகிட்ட சொல்லிடுவீங்களா?”

நான் என் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தேன். பதினேழு இருந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதம் மொத்தக் கையிருப்பும் போட்டு நூற்றுப் பதினாறு அனுப்பினோம். அதற்கடுத்த மாதம் அறுபத்தொன்று. அதற்கடுத்தது நாற்பது. வரிசையாக இரண்டு மாதம் நூறுக்குக் கீழே. கையில் ஒன்றும் இல்லை, இன்னும் ஒரு மாதம்தான். அதெல்லாம் பிறகு. அன்று நோட்டும் காகிதமும் ஒன்றாகக் கிடந்ததைப் பாஷா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

“ரெண்டு பேரும் ரேஷன் கடை வெச்சிருந்தீங்கன்னா இந்நேரம் உள்ள இருந்திருப்பீங்க.”

எட்டாவது ஸ்டெப்

கஸ்தூரி நைனா என்று கூப்பிடும் அவள் அப்பா பொதட்டூர்பேட்டையில் ஒரு லுங்கி உற்பத்தியாளரிடம் டிசைன் எழுதுபவர். எந்த நிறத்தில் எத்தனை இழை, எதற்குப் பக்கத்தில் எது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பட்டியல். பன்னிரண்டு வருடப் பட்டியல்களைக் கஸ்தூரி கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். நோட்டுகள் கரையான் தின்று போய்விட்டன. இப்போது அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். சாயக் கொட்டகையிலும் கடையிலும் உள்ளவர்கள் டிசைன் பார்க்க வேண்டுமானால் நைனாவின் அறைக்கு வர வேண்டியிருந்தது. எங்கள் மென்பொருளைப் போட்டால் என்ன என்று பாஷாவைக் கேட்டாள். மேடத்திடம் அனுமதி கேட்டோம். “யாராவது ஒருத்தர் உபயோகிக்கறதை நீங்களும் பாருங்க,” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் போனோம். பழைய ஃபைல்களை சர்வருக்கு மாற்றுவது முதல் தடவை என்பதால் பாஷாவும் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே போனான். ஆறாவது ஸ்டெப்பில் நைனாவின் கம்ப்யூட்டரிலிருந்த டிசைன்கள் எல்லாவற்றையும் சர்வராக ஆக்கிய கடைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தான். ஏழு முடிந்தது. எட்டு முடிந்தது. ஒன்பதாவதைத் தட்டப் போகும்போது சாயக் கொட்டகையிலிருந்து நைனாவின் குரல் வந்தது.

“கஸ்தூரி, இங்க ஒண்ணும் தெரியலமா.”

“பொட்டிய ஆஃப் பண்ணி போடு நைனா.”

“போட்டேன்மா. எல்லாம் சுத்தமா கீது.”

பாஷா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். கையேட்டைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தான். ஏழாவது ஸ்டெப்: பழைய ஃபோல்டரின் பெயரிலேயே சர்வரைக் கொண்டுவந்து இணைக்கவும். எட்டாவது ஸ்டெப்: பழைய ஃபோல்டரில் உள்ளவற்றை அழிக்கவும். “பேருதான் பழசு,” என்றான். “ஏழாவதுலயே அதுக்குள்ள சர்வரு வந்து உக்காந்துடுச்சி. எட்டாவதுல நான் அழிச்சது சர்வர்ல இருந்தத.” வரிசை மாறியிருந்தது. முதலில் அழித்துவிட்டுப் பிறகு இணைத்திருக்க வேண்டும். அதற்குள் நைனா வந்துவிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, திரும்ப எழுத எத்தனை நாளாகும் என்று மட்டும் மகளைக் கேட்டார். பார்த்துத் திரும்ப எழுத நோட்டு எதுவும் மிச்சமில்லை.

பாஷா ஏழாவது ஸ்டெப்பை இன்னொரு தடவை படித்தான். பிறகு சர்வரின் இணைப்பை மட்டும் எடுத்தான். நைனாவின் கம்ப்யூட்டரில் பழைய டிசைன்கள் எல்லாம் அப்படியே வந்து நின்றன. “கோலத்து மேல ஜமக்காளம் விரிச்சிட்டோம். கொளுத்தினது ஜமக்காளத்த. கோலம் அடியில அப்படியே கீது,” என்றான். கஸ்தூரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நான் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் என் முதலெழுத்து நான்கு முறை, அவளுடையது நான்கு முறை. எப்படித் தப்பியது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் படித்த வரிசையில் எட்டு முதலில் வந்தது, ஏழு பிறகு வந்தது. முதலில் அழிக்கவும், பிறகு இணைக்கவும். சரியாகத்தான் இருந்தது. அதை அவர்களிடம் சொன்னேன். பாஷா கையேட்டை மூடி என் மடியில் வைத்தான்.

“அப்போ புக்கு மேல தப்பில்ல சாமி. உங்கள மாதிரி கீழேருந்து மேல வர்றவங்களுக்கு எழுதிக்கீறாங்க.”

இரண்டு திருத்தங்கள்

மறுநாள் திங்கட்கிழமை. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. எங்கள் எண்ணிக்கை முப்பத்தெட்டு. நடந்ததைச் சென்னைக்கு எழுதினால், நான்கு சுற்றுப் படித்தும் கண்ணில் படவில்லையா என்று கேட்பார்கள். பொருளைத் தொடாதே என்ற விதியும் இருந்தது. நான்கு நாள் பொறுக்காமல் அன்றைக்கே அறையைப் பூட்டச் சொன்னாலும் சொல்வார்கள். இதையெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே கஸ்தூரி யோசித்து முடித்திருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. இரண்டு வரிகளின் தலையில் உள்ள எண்களை மட்டும் மாற்றிவிடுவது. ஏழை எட்டு என்றும் எட்டை ஏழு என்றும் திருத்தி, இரண்டு எழுத்துப் பிழைகளாக எப்போதும் போல அனுப்பிவிடலாம். விதியும் மீறப்படாது, கேள்வியும் வராது, அடுத்த அச்சில் சரியாகிவிடும். கணக்கிலும் இரண்டு கூடும். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரை முடுக்கினாள். மேடத்துக்கு ஒரு கடிதத்தைத் திறந்து, பக்க எண்ணைத் தட்டினாள். ஒன்பதாவது ஸ்டெப் என்ன என்று என்னைக் கேட்டாள். பார்த்துச் சொன்னேன்: பழைய டிஸ்க்கை முழுதும் துடைக்கவும்.

“நைனா கூப்ட்டாரு, எட்டோட நின்னுட்டோம். கூப்பிட ஆளில்லாதவங்க ஒம்போதும் செஞ்சிருப்பாங்கண்ணா. ஏற்கெனவே புக்கு வாங்கினவங்களுக்கு நீங்க நம்பர் மாத்தினது எப்படி தெரியும்?”

கணக்கில் சேராதது

மூன்று நாள் பதில் இல்லை. பத்தே கால் போனும் வரவில்லை. கஸ்தூரி தன் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். அளவுகோலையும், சாப்பாட்டு டப்பாவுக்கென்று வைத்திருந்த கரண்டியையும், குழந்தைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக மறந்த கிலுகிலுப்பையையும் பையில் போட்டுக்கொண்டாள். மாதத்தின் கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு போன் வந்தது. பாஷா ஸ்பீக்கரில் போட்டான். அந்த எட்டாவது ஸ்டெப்பை யார் செய்து பார்த்தது என்று மேடம் கேட்டார். நாங்கள்தான் என்றாள் கஸ்தூரி. இங்கே எல்லாரையும் விசாரித்துவிட்டேன், என்றார் மேடம். எழுதியவர் செய்து பார்க்கவில்லை. சரிபார்த்தவரும் செய்து பார்க்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் ஒன்பதாவது வரை போயிருக்கிறார்கள். எல்லாம் போய்விட்டது என்று அவர்கள் எழுதியதற்கு, அது உங்கள் தவறு என்று இங்கிருந்து பதில் போயிருக்கிறது.

“இது எழுத்துப் பிழை இல்லை. கணக்குல சேர்க்க முடியாது,” என்றார். “உங்க எண் முப்பத்தெட்டுதான்.” சரிங்க மேடம் என்றாள் கஸ்தூரி. கீழே கடையில் யாரோ மயில் தோகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது. மேடம் காகிதம் எதையோ புரட்டினார். பிறகு, முதலாளி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்றார். இந்தப் புத்தகத்தில் இதுபோல ஸ்டெப் ஸ்டெப்பாகச் செய்யச் சொல்கிற இடங்கள் எத்தனை, அதில் எத்தனையை யாராவது செய்து பார்த்திருக்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில், ஏறக்குறைய எண்ணூறு. இரண்டாவதற்கு, ஒன்று. திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் மூன்று பேரும் அந்த நான்கு கம்ப்யூட்டர்களிலும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். முன்னாலிருந்து. மாதம் நூறு என்பதெல்லாம் இனி இல்லை. எத்தனை மாதத்தில் முடியும் என்று இப்போதே சொன்னால் நல்லது.

எனக்குக் கணக்குப் போடுவதில் வேகம் அதிகம். ஒரு நாளைக்கு ஐந்து, மாதத்துக்கு நூற்றிருபது, ஏழே மாதம் என்று வாயைத் திறந்தேன். கஸ்தூரி என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள். போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் சொன்னாள்:

“இதெல்லாம் சீக்கிரம் செஞ்சா தப்பா போயிடும் மேடம். நாங்க பொறுமையாவே செய்யறோம்.”

அதன்பிறகு நான்கு ஆண்டுகள் அந்த அறை திறந்திருந்தது, ஓர் எழுத்துகூடப் பிழையில்லாத அந்த ஒரு பக்கத்தின் தயவில்.